மூச்சில் வந்த ஆல்கஹால்

ஐ.சி.யூ. நர்ஸுகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சானிடைசர் அக்கா. கட்டிலருகே வந்ததும் ஒரு தடவை, புருஷன் கையைத் தொடுமுன் ஒரு தடவை, தொட்டதற்காக இன்னொரு தடவை என்று சுவரில் மாட்டிய பாட்டிலை அமுக்கி அமுக்கியே காலி செய்துவிடுவாள். தன்னால் அவருக்கு ஒரு கிருமியும் வந்துவிடக் கூடாது என்று பயம். நிமோனியாவில் விழுந்தவருக்கு வென்டிலேட்டர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அன்று காலை டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். நுரையீரல் தேறியிருந்தால் வாயிலிருக்கும் குழாயை இன்றே எடுத்துவிடலாம். இல்லையென்றால் கழுத்தில் துளை போட வேண்டும். ஸ்கேனும் ரத்தமும் பரவாயில்லை. மிச்சமிருந்தது புது மெஷின். ஊசி கிடையாது, உள்ளே எதையும் விடவும் வேண்டாம். நோயாளி வெளியே விடும் மூச்சைக் குழாயிலிருந்து கொஞ்சம் பிடித்து, நோயின் அடையாளம் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

டெக்னீஷியன் பெண் மூச்சைப் பிடிக்கும் பையைக் குழாயில் மாட்டும்போது இவளால் சும்மா இருக்க முடியவில்லை. குழாய் ஆடுகிறதே என்று, கையில் சானிடைசரை நன்றாகத் தடவிக்கொண்டு, இணைப்பைப் பிடித்துக் கொடுத்தாள்.

டெக்னீஷியன் திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்னம்மா காட்டுது?"

"ஆல்கஹால். வேற எதையும் படிக்கவே முடியல."

அவர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. விட்டதாகத்தான் சொல்லியிருந்தார். நினைவில்லாமல் கிடப்பவருக்கு யார் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. இத்தனை நாளும் அவர் காதோரம் கெஞ்சிக்கொண்டிருந்தவள் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாள்.

"என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணீங்களே. இந்த நிலைமைலகூட அடங்கலையா உங்களுக்கு? எந்திரிச்சு வாங்க, பேசிக்கறேன்."

டெக்னீஷியன் அவள் கைகளைப் பார்த்தாள். இன்னும் ஈரம் காயவில்லை.

"அக்கா, அவர் குடிக்கல. அது உங்க கையில இருந்து வந்தது. கொஞ்சம் வெளிய நில்லுங்க, மறுபடி எடுக்கறேன்."

வெளியே நின்றவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாகப் பயம். இரண்டாவது மூச்சில் ஆல்கஹால் இல்லை. டாக்டர் தேடிய கெட்ட அடையாளங்களும் வெகுவாகக் குறைந்திருந்தன. மத்தியானம் குழாயை எடுத்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவர் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. தொண்டை புண்ணாகி, குரல் காற்றாகத்தான் வந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"நான் குடிக்கலடி."

"எனக்குத் தெரியாதா?" என்றாள், கொஞ்சமும் கூசாமல், தேம்பித் தேம்பி அழுதுகொண்டே.