இரண்டு நந்தியாவட்டை

ஐயாத்துரை பொய் பேசாத மனிதர் என்று அந்தக் குடியேற்றக் கிராமம் முழுக்கப் பெயர். அறுபத்தொரு வயது வரை அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர், அறுபத்திரண்டாவது வயதில், ஒரு பங்குனி வெள்ளிக்கிழமை, அம்மன் சந்நிதியில் வைத்துக் கெடுத்துக்கொண்டார். அதுவும் வாய் திறந்து ஒரு சொல் பேசாமல்.

அவருக்கு ஒரே மகள், அருந்ததி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் பட்டம் பெற்று வந்து, பரந்தன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மேலே நகரமைப்புப் படிக்க வேண்டும் என்று இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திநாலாம் ஆண்டு மாசியில் இரண்டு இடமும் ஒரே வாரத்தில் வரச் சொல்லிவிட்டன.

ஒன்று இங்கிலாந்து. படிப்புச் செலவு, இருப்பிடம், சாப்பாடு, கப்பல் பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பங்குனி முடிவதற்குள் பதில் போய்ச் சேர வேண்டும். இந்த வருடம் தவறினால் அடுத்த வருடம் கிடையாது. மற்றது டெல்லி. படிக்க இடம் நிச்சயம், உதவிப் பணம் பற்றி மட்டும் 'பின்னர் அறியத் தருவோம்' என்று ஒரு வரி. அந்த உதவி இல்லாமல் மூன்று ஏக்கர் வயற்காரன் மகள் டெல்லிப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. இதில் எது நல்லது என்று சொல்லப் பட்டம் வேண்டியதில்லை. நாலாம் வகுப்போடு நின்ற ஐயாத்துரைக்கே விளங்கியது. விளங்கியதால்தான் பயந்தார்.

அந்தப் படிப்பில் அவளுக்கு ஏன் அப்படி ஒரு வெறி என்று அவர் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்த மறுவருடம், மாரி காலத்தில், அவர் மனைவி பத்மாசனியைப் பாம்பு கடித்தது. வீட்டு வாசலில் நின்றால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் றோட்டுத் தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் வாய்க்கால் கரை முட்ட ஓடியது. பாலமோ இரண்டரைக் கட்டை, அதாவது இரண்டரை மைலுக்கு அப்பால். குடியேற்றத்துக்குப் படம் கீறிய புண்ணியவான் யாரோ, பாலத்தை அங்கே வைத்துவிட்டான். மாட்டுவண்டில் சுற்றிப் போய்ப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பத்மாசனியின் மூச்சு நின்றுவிட்டது. தாயின் தலையை மடியில் வைத்திருந்த அருந்ததிக்கு அப்போது பதின்மூன்று வயது.

அதன் பிறகு அந்தப் பிள்ளை கொப்பியில் கீறியதெல்லாம் ஒரே படம்தான். வீடு, வாய்க்கால், றோட்டு, பாலம். பாலத்தை மட்டும் இடம் மாற்றி மாற்றிக் கீறுவாள். சனம் குடியேற முன்னமே எங்கே பாலம், எங்கே ஆசுப்பத்திரி என்று யோசிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்று பேராதனையில் அறிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை.

ஐயாத்துரையின் பயம் கடலைப் பற்றியதல்ல. பக்கத்துக் காணிக்காரர் மயில்வாகனத்தின் மகன் ஆறு வருடத்துக்கு முன் இங்கிலாந்து போனவன். இப்போது வருடத்துக்கு ஒருமுறை நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்கு, ஒரு வாழ்த்து அட்டை வருகிறது, அதில் வெள்ளைக்காரப் பெண்சாதியின் கையெழுத்தும் இருக்கிறது. மயில்வாகனம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அங்கே போனால் ஐயாத்துரை அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். டெல்லி என்றால் ரயிலேறித் தலைமன்னார்க் கப்பல் பிடித்தால் ஐந்தாறு நாளில் வீடு. விடுமுறைக்கு வருவாள். வந்து இந்தக் குசினியில் தேத்தண்ணி வைப்பாள்.

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். மகள் மூன்று தரம் கேட்டாள், என்ன சொல்கிறீர்கள் ஐயா என்று. மூன்று தரமும் "உன்ர விருப்பம், பிள்ளை" என்றார். ஊரில் எந்தத் தகப்பன் இப்படிச் சொல்லுவான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. நாலாம் தரம் அவள் கேட்கவில்லை. அவராகவே, அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பதென்றால், ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இலையில் சுற்றிக் கட்டி அம்மன் முன் வைப்பார்கள். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று நினைத்துக்கொண்டு, கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததுதான் தீர்ப்பு, மற்றதை அம்மன் காலடியிலேயே விட்டுவிட வேண்டும். வெள்ளை டெல்லி, சிவப்பு இங்கிலாந்து என்று பேசிக்கொண்டார்கள். பட்டம் படித்த பெண் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, சரி என்றாள். கட்டுகிற வேலை அவருடையது.

அந்த வெள்ளிக்கிழமை விடிய வேலியோரம் போனார். வெள்ளைக்கு நந்தியாவட்டையில் ஒரு பூப் பறித்தார். சிவப்புக்குச் செவ்வரத்தையில் கை நீட்டினார். கை எட்டிய பூதான். ஆனால் கை திரும்பி வந்து இன்னொரு நந்தியாவட்டையைப் பறித்தது. இரண்டையும் பூவரசம் இலையில் சுற்றி வாழைநாரால் கட்டினார். முடிச்சு நன்றாகத்தான் விழுந்தது.

வாய்க்கால் கரை அம்மன் கோயிலில் அருந்ததி கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். பிறகு இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். மற்றதை அவர் எடுக்கப் போனால் சந்தேகம் வரும் என்று பேசாமல் வந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை போய்ப் பார்த்தபோது பொட்டலத்தைக் காணவில்லை. குரங்கு தூக்கியிருக்கும் என்று நினைத்தார். குரங்குக்கு மனதுக்குள் நன்றியும் சொன்னார்.

அவள் இரண்டு கடிதம் எழுதித் தந்தாள். டெல்லிக்கு வருகிறேன் என்று ஒன்று, இங்கிலாந்துக்கு வரவில்லை என்று ஒன்று. பரந்தன் தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் கொண்டுபோனவர் ஐயாத்துரைதான். டெல்லிக் கடிதம் பெட்டிக்குள் சட்டென்று விழுந்தது. மற்றதைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமும் வரை நின்றார். பிறகு அதையும் போட்டார்.

ஆனி மாதம் டெல்லியிலிருந்து பதில் வந்தது. இந்த வருடம் அரசாங்க இலாகாக்கள் அனுப்புகிற உத்தியோகத்தருக்கு மட்டும்தான் உதவிப் பணமாம். இடம் இருக்கிறது, சொந்தச் செலவில் வரலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அருந்ததி வாசித்தாள், மடித்தாள், உறைக்குள் வைத்தாள். தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போய்விட்டாள்.

அவள் அழுதிருந்தால் ஐயாத்துரை தாங்கியிருப்பார். தேத்தண்ணி வைக்கப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. குசினி வாசலில் போய் நின்றார்.

"பிள்ளை, அண்டைக்கு ரெண்டிலையும் நான் வெள்ளைப் பூத்தான் கட்டினனான்."

அவள் அடுப்பை ஊதினாள். "தெரியும் ஐயா. பின்னேரம் திரும்பிப் போய் மற்றதையும் அவிட்டுப் பாத்தனான்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சும் ஏன் மோனை டெல்லிக்கு எழுதினனீ?"

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, புகை என்று சொல்லிக்கொள்ளலாம். "நீங்கள் ஒருக்கா வாய் திறந்து போகாதை எண்டு சொல்லியிருந்தால், சண்டை பிடிச்சிட்டு எண்டாலும் போயிருப்பன். அம்மனுக்கு முன்னாலை கள்ளப் பூக் கட்டுற அளவுக்குப் பயந்த மனுசனைத் தனிய விட்டிட்டு அவ்வளவு தூரம் எப்பிடி ஐயா போறது?"

ஐயாத்துரை அழுதார். மனைவியைக் கொண்டுபோன வண்டிலில்கூட அப்படி அழவில்லை. அவள் தேத்தண்ணியை அவர் கையில் தந்து, சூடு பார்த்துக் குடியுங்கோ என்றாள்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல் பள்ளிக்கூடம் புறப்பட்டாள். பாலம் இன்னும் இரண்டரைக் கட்டைக்கு அப்பால்தான் இருந்தது. ஐயாத்துரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலம் கழித்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அவளுடைய சைக்கிள் போனது. அவர் கூப்பிடவில்லை.