ரிலேவுக்கு ஒரு சந்தனப் பொட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சுப்புராயனின் மினி பஸ்ஸைத் தெரியாதவர்கள் இரண்டே வகைதான்: இன்னும் பிறக்காதவர்கள், காது கேட்காதவர்கள். அது கிளம்பும்போது நடுங்குவதைப் பார்த்து எதிர்வீட்டு நாய்க்குக் குளிர்காய்ச்சல் வந்ததாகக்கூட ஒரு பேச்சு உண்டு. சுப்புராயன் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. வண்டி என்றால் ஒரு ஆளுமை வேண்டும் என்பார்.

அந்த ஆளுமைக்கு இருபத்துநாலு வோல்ட் உடம்பு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாகக் கோத்துக் கூட்டுக்குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இந்தக் குடும்பத்துக்குள்தான் சுப்புராயனின் மச்சான் செந்தமிழ்செல்வன், அதாவது மனைவி பட்டம்மாளின் தம்பி, புதுச்சேரியில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பாட்டுப் பெட்டி, கலர் விளக்கு, மின்விசிறி என்று ஒரு மூட்டை சாமான் கொண்டுவந்து இறக்கினான். எல்லாம் பன்னிரண்டு வோல்ட். ஹாரன் மட்டும் இருபத்துநாலு. லாரிக்காரர்களே ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, பாவம் வரும் என்று வைத்துவிட்டுப் போன ஏர் ஹாரன் அது.

"ரெண்டும் ஒண்ணா சேருமா மச்சான்? எரிஞ்சி கிரிஞ்சி போயிடப் போவுது."

"ரிலே எதுக்கு மாமா இருக்கு?" செந்தமிழ்செல்வன் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "ஸ்விட்சுலேருந்து பன்னண்டு வோல்ட் உள்ள போயி காந்தத்த இழுக்கும். காந்தம் இழுத்தா இருவத்திநாலுக்குக் கதவு தொறக்கும். இது மூஞ்சிய அது பாக்காது. மாமியாரும் மருமவளும் ஒரே வூட்டுல தனித்தனியா சமைக்கற மாதிரி."

"யாருகிட்ட கத்துக்கின?"

"போன்ல பாத்தேன். இந்திக்காரன் ஒருத்தன் போட்டிருந்தான். பாஷ புரியல. கைய பாத்தே புடிச்சிக்கினேன்."

இப்படிப்பட்ட முறையான கல்வியோடு அவன் சாமானுக்கு ஒன்றாக ரிலேக்களைப் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பலகையில் தலைகீழாக அறைந்தான். ஒயர் சொருகும் பற்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து இளித்தன. மூடி எங்கே என்று கேட்டதற்கு, "காத்தாடட்டும் மாமா, சூடாயிடும்" என்றான்.

இவ்வளவு ஜோடனையும் ஒரு நாளுக்காக. சுப்புராயனின் மகள் வெண்மதிக்கும் சிதம்பரத்து எழிலனுக்கும் நிச்சயதார்த்தம். இருவரும் கூடப் படித்தவர்கள். தாங்களே பார்த்து, தாங்களே பேசி, வீட்டில் சொல்கிற சிரமமான வேலையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார்கள். எழிலனின் அப்பா ராஜமாணிக்கம் சரி என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு நாளைத் தள்ளிப் போட்டார். முதல் தடவை, பல்லி சொன்னது சரியில்லை. அடுத்த தடவை, அவருக்கே முட்டி சரியில்லை. இன்னும் வசதியான இடம் ஏதாவது வாசலில் வந்து நிற்காதா என்று அவர் காத்திருக்கிறார் என்பது பல்லிக்குக்கூடத் தெரியும்.

இந்தத் தடவை நாள் கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. "பத்து பேரு மட்டும் வாங்க சம்பந்தி. சத்தமில்லாம வந்துட்டு சத்தமில்லாம போயிடணும். தெருவுக்குத் தெரிய வேணாம். கண்ணு பட்டுடும். அதுவும் ராகுகாலத்துக்கு முன்னாடி வாசப்படி ஏறிடுங்க. இல்லன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

போனை வைத்ததும் வெண்மதி கேட்டாள். "அன்னிக்கித் தட்டு மாத்தலன்னா அவரு மாத்தவே மாட்டாருப்பா. யாருக்கும் தெரியாத வரைக்கும் அவருக்கு ஒண்ணும் நடக்கல. உனக்குப் புரியுதா?"

சுப்புராயனுக்குப் புரிந்தது. அதனால்தான் நிச்சயத்தன்று காலை அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு சபதம் எடுத்தார்: இன்றைக்கு ஹாரன் அடிப்பதில்லை. இது புலி கீரை தின்கிறேன் என்றதற்குச் சமம்.

அவர் சபதம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பட்டம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வண்டிக்குள் ஏறியிருந்தாள். புதிதாக வாங்கிய எதற்கும் பொட்டு வைக்காமல் அவள் விடமாட்டாள். குக்கர், சுவர்க்கடிகாரம், தையல் மெஷின் எதுவும் தப்பியதில்லை. சுப்புராயனுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வந்த மூக்குக்கண்ணாடிக்கும் வைத்தாள். அவர் ரொம்ப நாள் உலகத்தை மஞ்சளாகப் பார்த்தார். பிறந்த வீட்டு வழக்கப்படி சந்தனத்தில் பன்னீரும், திருஷ்டிக்கு ஒரு பிடி உப்பும் கரைத்திருந்தாள்.

"என்னடா இது, இங்க வரிசையா ஒக்காந்திருக்கு?"

"ரிலே, அக்கா" என்றான் செந்தமிழ்செல்வன்.

"இதுவும் புதுசுதானே? பாட்டுப் பொட்டிக்கு வெச்சிட்டு இதுங்களுக்கு வெக்காம வுட்டா, இதுங்க என்னா நெனைக்கும்?"

ஒவ்வொரு ரிலேவுக்கும் பற்களின் நடு நெற்றியில் ஒரு கொழகொழப்பான பொட்டு விழுந்தது. செந்தமிழ்செல்வன் பார்த்தான். இந்திக்காரனின் வீடியோவில் இந்தக் கட்டம் வரவில்லை. "சாமி காரியம், ஒண்ணும் ஆவாது" என்று அவனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தச் சீட்டின்மேல் பண்ருட்டிப் பலாப்பழமும் சீர்த் தட்டுகளும் கோபுரம் போல ஏறின.

வண்டி கிளம்பியது. ஹாரன் அடிக்காத சுப்புராயனை அந்தச் சாலை பார்த்ததில்லை. ஆலப்பாக்கத்தில் ஆடு குறுக்கே வந்தபோது ஜன்னலில் தலையை நீட்டி, "கொஞ்சம் நவுரும்மா" என்றார். ஆடு அதிர்ச்சியில் நின்றுவிட்டது. புதுச்சத்திரத்தில் எதிரே வந்த டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, "அண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்.

சிதம்பரம் மேலவீதியிலிருந்து ராஜமாணிக்கத்தின் சந்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு மாடு படுத்திருந்தது. எழுந்திருக்கும் உத்தேசம் இந்த ஜென்மத்தில் அதற்கு இல்லை. ராகுகாலம் பிறக்கச் சில நிமிஷங்களே பாக்கி. பின்னால் ஆட்டோக்கள் சேர்ந்துவிட்டன.

"அப்பா, வேணாம்" என்றாள் வெண்மதி.

"ஒண்ணே ஒண்ணும்மா. பூ மாதிரி."

பூ மாதிரித்தான் தொட்டார். ஹாரன் முழங்கியது. கையை எடுத்தார். அது முழங்கிக்கொண்டே இருந்தது.

மாடு மறைந்த வேகத்தில் அது இருந்த இடத்தில் வெப்பம் மட்டும் மிச்சமிருந்தது. கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிக் கிள்ளை ஊர்ப் பக்கம் போயின. பிச்சாவரத்தில் படகு ஓட்டியவர்கள் கப்பல் வந்துவிட்டது என்று துறைமுகத்தைத் தேடினார்கள். வண்டியும் மிரண்டது போலச் சந்துக்குள் பாய்ந்து, ராஜமாணிக்கத்தின் மதிலை உரசிக்கொண்டு நின்றது. சுப்புராயன் சாவியைப் பிடுங்கினார். இஞ்சின் அடங்கியது. ஹாரன் அடங்கவில்லை.

"பேட்டரிய கழட்டுடா!"

"பேட்டரி கதவு மதிலுப் பக்கம் மாமா! தொறக்க எடமில்ல!"

"அப்ப பின்னால எடுக்கறேன்!"

"பின்னால ஆட்டோ!"

"ஏண்டா இது நிக்க மாட்டேங்குது? கைய எடுத்துட்டேனே!"

செந்தமிழ்செல்வன் பின்சீட்டின்கீழ் தலையை விட்டுப் பார்த்தான். சந்தனம் இருபத்துநாலு வோல்ட் பல்லிலிருந்து வழிந்து காந்தத்தின் பல்லைத் தொட்டுக்கொண்டு, உப்பும் பன்னீருமாக ஈரம் மினுமினுத்தது.

"ரிலேவ இழுக்கத்தான் மாமா முழு கரண்டு வேணும்!" அவன் மாமாவின் காதுக்குள் அலறினான். "ஒருதரம் இழுத்துட்டா புடிச்சிக்கினு இருக்கத் துளி போதும்! அந்தத் துளி சந்தனத்து வழியா போவுது! அக்கா வெச்ச பொட்டு!"

"நான் வெச்ச பொட்டா?" பட்டம்மாளும் அலறினாள். "ஒழுங்கா மூடி போட்டிருந்தா நான் ஏன்டா அங்க வெக்கறேன்? மூடி மேல வெச்சிருப்பேன்!"

இது நியாயமான கட்சிதான். வாதாட யாருக்கும் காது மிச்சமில்லை. பலாப்பழத்தை ஒருவர் தூக்க, தட்டுகளை இன்னொருவர் வாங்க, பட்டுப்புடவையோடு முட்டி போட்டு வெண்மதி கையை விட்டாள். இப்படியும் அப்படியும் ஆட்டி ஒரு ரிலேவின் ஒயரைப் பிடுங்கினாள். கலர் விளக்கு அணைந்தது. இன்னொன்று. மின்விசிறி நின்றது. மூன்றாவதில்தான் உலகம் அமைதியானது.

அமைதியில் அவர்கள் வெளியே பார்த்தார்கள்.

சந்து இல்லை. சந்து இருந்த இடத்தில் ஜனம் இருந்தது. மேலவீதிப் பூக்காரர்கள், காப்பி டம்ளரோடு ஹோட்டலிலிருந்து எழுந்து வந்தவர்கள், பாதி முகம் சவரம் செய்துகொண்ட ஒருவர், மொட்டை மாடி முழுக்கத் தலைகள். நடுவில், திறந்த கேட்டைப் பிடித்தபடி ராஜமாணிக்கம். அவர் முகத்தைப் பார்த்ததும் சுப்புராயனுக்குத் தெரிந்துவிட்டது. முடிந்தது, இதோ சொல்லப் போகிறார், இன்னொரு நாள் என்று.

"சம்பந்தி," என்று தொடங்கினார் ராஜமாணிக்கம், "இவ்ளோ களேபரத்துல இன்னிக்கி..."

"சம்பந்தியா?" எதிர்வீட்டுத் தைலம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். எழுபது வயது, அந்தத் தெருவில் அவருக்குத் தெரியாமல் பால்கூடப் பொங்காது. "யாருக்கு யாரு சம்பந்தி? ஏம்ப்பா ராஜமாணிக்கம், எழிலனுக்கு நிச்சயமா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"இல்லத்தே, சும்மா பேசிட்டுப் போவலாம்னு..."

"பலாப்பழம் தூக்கினு வந்தா சும்மா பேசவா வருவாங்க? தட்ட எண்ணிப் பாரு. ஏய், இதான் பொண்ணா? கையெல்லாம் சந்தனமால்ல இருக்கு! லட்சணமா வந்திருக்கா பாரு!"

கூட்டம் பொண்ணைப் பார்த்தது. பிறகு ஒரே முகமாக ராஜமாணிக்கத்தைப் பார்த்தது. உள்ளே கதவோரம் நின்ற எழிலன் அப்பாவைப் பார்க்காமல் அவசரமாகச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டான்.

"என்னா நிக்கற? ராகுகாலம் பொறக்கப் போவுது," என்றார் தைலம்மாள். "உள்ள கூப்புடு."

ராஜமாணிக்கம் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார். அங்கேயும் ஜனம். இந்தக் கோடியைப் பார்த்தார். சவரம் பாதியில் நின்றவர் வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க... வாங்க சம்பந்தி," என்றார், பல் பிடுங்கிக்கொண்டவர் குரலில்.

வாசப்படி ஏறியதும் சுப்புராயன் முதல் தட்டை நீட்டினார். காது ரீங்காரத்தில் ஐயர் சொன்ன மந்திரம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தட்டை மட்டும் விடவில்லை; எதிரே இருந்த விரல்கள் நன்றாக மடங்குகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார். ராஜமாணிக்கம் வாங்கிவிட்டார். வாங்கிய கையோடு, திருப்பிக் கொடுக்க ஏதாவது இடுக்கு இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். நிலைப்படியை அடைத்துக்கொண்டு தைலம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சந்து மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

"வெத்தல எங்கப்பா?" என்றார் தைலம்மாள். "எல்லாருக்கும் குடுக்கச் சொல்லு."