எடுக்கப்போவது எது

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலை எட்டரைக்கு நாகஜோதியைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கர்ப்பப்பையில் மாங்காய் அளவு கட்டி. இரண்டு தரம் கலைந்துபோனதற்கு அதுதான் காரணம், கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் மூன்றாவது தங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் படுத்திருந்தாள்.

தியேட்டர் வாசலில் வண்டி செத்த நேரம் நின்றது. எதிர்ச்சுவரில் அன்றைய ஆபரேஷன் பட்டியல். மூன்றாவதாக அவள் பெயர், பக்கத்தில் ‘ஹிஸ்டரெக்டமி’. அவளுக்குப் பகீரென்றது. பின்னே, அந்தப் பெயர்களின் சூட்சுமம் அவளுக்குத் தெரியுமே! ஒரு வாரமாக மரியசெல்வி சிஸ்டரைத் துளைத்தெடுத்துக் கேட்டு வைத்திருந்தாள். பெயரின் வால் ‘பிளாஸ்டி’ என்றால் சீர்படுத்துவது, ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுப்பது. எதை எடுக்கிறார்கள் என்பது பெயரின் தலையில் இருக்கும். ‘மயோம்’ என்றால் கட்டி. ‘ஹிஸ்டர்’ என்றால் கர்ப்பப்பை.

வண்டியை நிறுத்தச் சொன்னாள். சிஸ்டர் ஃபைலைப் புரட்டிக் காட்டினார். கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம் என்று முந்தின சாயங்காலம் கையெழுத்துப் போட்டிருந்தது அவள் புருஷன் பிரபு. அங்கே வழக்கமே அப்படித்தான். பொம்பளைக்கு ஆபரேஷன் என்றால் ஃபாரம் படுக்கைக்கு வராது, வராந்தாவில் நிற்கிற புருஷன் கைக்குத்தான் போகும். எவன் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, நாசமாய்ப் போக!

பிரபுவைக் கூப்பிட்டார்கள். பூ மார்க்கெட்டில் நாலு கடைக்குக் கேட்கிற குரல் அவனுக்கு. அன்றைக்கு வண்டிக்குப் பக்கத்தில் குனிந்துதான் பேசினான்.

“போன தடவ ஆட்டோ சீட்டெல்லாம் ரத்தம். நீ கண்ணே முழிக்கல. கட்டிய மட்டும் எடுத்தா ரத்தம் நிறையப் போகும்னாங்க. எனக்குப் புள்ள வேணாம் ஜோதி, நீ இருந்தாப் போதும்.”

அவளுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. பாவி, பிரியத்தில்தான் செய்திருக்கிறான். அதுதான் இன்னும் எரிந்தது.

“அத எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்?” என்றாள்.

டாக்டரம்மா வந்தார். நீங்கள் இருவரும் பேசி முடிவெடுத்ததாக நினைத்துவிட்டேன் என்றார். கட்டியை மட்டும் எடுக்கலாம், ஆனால் ரத்தம் நிற்காவிட்டால் பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள்.

“கட்டிய மட்டும் எடுங்க. ரத்தம் நிக்கலேன்னா பையையும் எடுத்துக்கங்க. ரெண்டையும் எழுதிக் கொண்டாங்க, நான் கையெழுத்துப் போடுறேன்.”

ஊசி குத்தியிருந்த கையாலேயே கையெழுத்துப் போட்டாள்.

கண் விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. பக்கத்தில் பிரபு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

“ரத்தம் நிக்கல ஜோதி. வெளிய வந்து எங்கிட்டக் கேட்டாங்க. நான் எதுவும் சொல்லல. நீ போட்ட கையெழுத்தத்தான் காட்டுனேன்.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் மேலும் பழி போட முடியாத அழுகை.