கொசுறாகக் கேட்ட நாற்காலி

1

இந்தக் கதை எனக்குப் பாதி முடி வெட்டிய நிலையில் கிடைத்தது. கெடா மாநிலத்துத் திகாம் பத்துவில், பரஞ்சோதி அண்ணனின் முடிவெட்டும் கடையில், கழுத்தைச் சுற்றிய துணியும் ஒரு பக்கம் வெட்டாத தலையுமாக உட்கார்ந்திருந்தேன். “ரெண்டு நிமிஷம் தம்பி, பழைய சாமான் கேட்டு ஆள் வந்திருக்கு” என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அந்த இரண்டு நிமிடம் முக்கால் மணி நேரமாயிற்று. எனக்குப் புகார் இல்லை. பீடோங்கில் அப்பாவுக்குத் துணிக்கடை, சித்தப்பாவுக்குப் பாத்திரக்கடை, மாமாவுக்குப் பழைய இரும்பு. எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் வைக்கவே மூன்று நாள் பேரம் நடந்ததாம்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

“கெடாவின் ரப்பர்த் தோட்டங்களின் மேல் இளங்காலைச் சூரியன் மெல்ல—”

வேண்டாம். சூரியனைக் காட்டி ஒரு சாமானும் விற்றதில்லை. மறுபடி:

பழைய சாமான் கேட்டு வந்த ஷாமளாவுக்கு முப்பத்தெட்டு வயது.

[பெயர் நான் வைத்தது. வயது என் மதிப்பீடு. கொஞ்சம் குறைத்தே போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் காதால் கேட்டது.]

2

கடைக்குள் வருமுன் அவள் வாசலில் நின்று போனில் பேசினாள். நாலு கடைக்குக் கேட்கும் குரல்; நல்லவேளை, அண்ணன் அப்போது துண்டு எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார்.

“அக்கா, பினாங்குக்காரருக்கு இன்னிக்கே நாக்காலி வேணும். குடுத்துட்டா மாசாமாசம் என்கிட்டதான் சாமான் எடுப்பாரு. இல்லன்னா திங்கக்கெழம நீ சொன்ன ஃபேக்டரிக்கே பஸ் ஏறிடுறேன், சத்தியமா. ஆனா ஏறமாட்டேன். நான் எடுத்துருவேன் லா.”

எந்த நாற்காலி? பரஞ்சோதி அண்ணன் கடைக்குப் புதிதாக மூன்று சுழல் நாற்காலி வாங்கி, படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். எல்லாரும் புதியதைப் பார்த்து ‘சூப்பர்’ போட்டார்கள். படத்தின் ஓரத்தில் பின்வாசல் கொஞ்சம் விழுந்திருந்தது. அதில் ஒரு வெள்ளை எனாமல் கால். ஷாமளா பார்த்தது அந்தக் காலை. ஜப்பானிலிருந்து வந்த பழைய சவர நாற்காலி. இப்போதெல்லாம் பட்டணத்து இளைஞர்கள் புதிதாகக் கடை திறந்து, பழசாகத் தெரிவதற்குப் பணம் கொடுக்கிறார்கள்.

நான் உட்கார்ந்திருந்தது புது நாற்காலி. சுழலும். பின்வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

3

எங்கள் குடும்பத்து வியாபார ரகசியம் ஒன்று. [மாமா வெளியே சொல்லக்கூடாது என்பார். பரவாயில்லை, அவர் கதை படிப்பதில்லை.] வேண்டியதைப் பார்க்காதே. வேண்டாததற்குப் பேரம் பேசு. வேண்டியதைக் கடைசியில் கொசுறாகக்* கேள்.

ஷாமளா எங்கே கற்றாளோ, பிசகாமல் செய்தாள்.

“இந்தக் கண்ணாடி எவ்வளவுண்ணே?”

“நூத்தம்பது வெள்ளி.”

“ஐயோ, ரசம் போயிருக்கு லா. பார்த்தா ரெண்டு மூஞ்சி தெரியுது.”

“ஒரு மூஞ்சி காசுக்கு ரெண்டு மூஞ்சி. மூரா, மலிவுதானே?”

“இருக்கிற ஒண்ணுக்கே பவுடர் வாங்க முடியலண்ணே. அறுபது.”

எண்பதில் முடிந்தது. அண்ணன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, “இதோ வந்துட்டேன் தம்பி” என்று என்னைத் தாண்டி அவள் வேனுக்குப் போனார். பின்படியில் அவர் மனைவி பிரேமாவதி அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஷாமளா ரேடியோவைத் திருகினாள், குடையை விரித்தாள், கெண்டியைத் தட்டினாள். பிறகு, போகிற போக்கில்:

“அக்கா, எண்பது குடுத்திருக்கேன். அந்த ஓட்ட நாக்காலியையும் சும்மா சேர்த்து விடுங்களேன். இரும்புக்காவது போடலாம்.”

[இந்த இடத்தில் ஒரு கோழி நாற்காலியிலிருந்து குதித்தது. குறியீடாக எதையும் நினைத்துவிட வேண்டாம். கோழி இருந்தது, குதித்தது.]

* காய் வாங்கும்போது கடைக்காரர் இனாமாகத் திணிக்கும் கறிவேப்பிலைதான் கொசுறு. எங்கள் சித்தப்பா ஒருமுறை பித்தளை அண்டாவையே அப்படி வாங்கினார்.

4

பிரேமாவதி அண்ணியை மூன்று முறை எழுதினேன். முதல் பிரதியில் ஏமாந்த பெண்; ஷாமளா நாற்காலியோடு போய்விட்டாள், கதையும் அவளோடு போய்விட்டது. இரண்டாவதில் பேராசைக்காரி, படிக்கிறவர்கள் கை தட்டியிருப்பார்கள், திகாம் பத்துவில் எனக்கு முடி வெட்ட ஆள் கிடைத்திருக்காது. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

அண்ணி கீரையிலிருந்து நிமிரவில்லை.

“வந்ததிலேருந்து எல்லாத்தையும் தொட்டுப் பார்த்தே, தங்கச்சி. கிழிஞ்ச குடையக்கூட விரிச்சுப் பார்த்தே. அந்த நாக்காலிய மட்டும் ஒரு வாட்டிகூடப் பார்க்கலியே?”

“அது… குப்பைதானே அக்கா.”

“குடையும் குப்பைதான் லா.”

எங்கள் மூன்று தலைமுறைத் தந்திரம் ஒரு கட்டுக் கீரையின் முன்னால் படுத்துவிட்டது.

ஷாமளா நேராகப் போய் நாற்காலியின் முன் மண்டி போட்டாள். கையால் தடவினாள், அடியில் குனிந்து பார்த்தாள்.

“பதினாறு வருஷம் கூலிம் ஃபேக்டரியில பழுது கண்டுபிடிக்கிற வேல பார்த்தேன் அக்கா. சொல்றேன், கேளுங்க. இது நல்ல ஜப்பான் சாமான். கைப்பிடியில எனாமல் ரெண்டு எடத்துல பேந்திருக்கு. ஏத்தி எறக்குற பம்ப் ரோசாக், கெட்டுப்போச்சு, மேல ஏறாது. சீட்டக் கோழி தின்னுருச்சு. சரி பண்ண ஆயிரம் ஆகும். பினாங்குல மூவாயிரத்துக்கு எடுப்பாங்க. உங்களுக்கு ஆயிரத்து எரநூறு. கையில அவ்வளவுதான் இருக்கு.”

[விற்கப்போகும் விலையை வாங்கும் இடத்திலேயே சொன்னாள்! இந்த வரியை மாமா படித்தால் படுத்த படுக்கையாகிவிடுவார்.]

“மூவாயிரத்துக்குப் போறது ஆயிரத்து எரநூறா? ரெண்டாயிரம் குடு.”

“ரெண்டாயிரம்னா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

“அப்ப வேற ஆள் வருவான்.”

“வருவான். எரநூறக் குடுத்துட்டு, இரும்புன்னு சொல்லித் தூக்கிட்டுப் போவான்.”

“நீயும் மொதல்ல அப்படித்தானே சொன்னே?”

“சொன்னேன். நீங்க பிடிச்சிட்டீங்க. இப்ப சொல்றது நெசம்.”

அண்ணி ஒரு காம்பைக் கிள்ளினார். ஷாமளா எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, கடை வழியாக வேனை நோக்கி நடந்தாள்.

5

பேரத்தில் நடந்து போவது தனி வித்தை. சும்மா போக்குக் காட்டி நடக்கிறவருக்கு ஐந்தாவது அடியில் கால் தயங்கும், அப்போது கூப்பிடு என்பார் அப்பா. ஷாமளாவின் கால் தயங்கவில்லை.

முடிவு அ: அண்ணி கூப்பிடுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், தேநீர் வருகி—
[சர்க்கரை அதிகம்.]

முடிவு ஆ: திங்கட்கிழமை. ஃபேக்டரி பஸ்ஸின் ஜன்னலோரம். செம்பனை மரங்கள் பின்னால் ஓட, அவள் கண்களி—
[இதற்குப் பரிசுகூடக் கிடைக்கும். அதனால்தான் சந்தேகம்.]

முடிவு இ: கழுத்துத் துணியோடு நான் எழுந்து, “குடுத்துடுங்க அண்ணி” என்று—
[எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். பேரத்தின் நடுவே மூன்றாம் ஆள் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும்.]

அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் வேடிக்கை பார்த்தவர் ஆகிவிடுவீர்கள். அவள் மூவாயிரம் என்றது மெய்யா, அதுவும் ஒரு தந்திரமா? அண்ணிக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அந்த நிலைமையில்தான் விலை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, பின்படியில் இருப்பது இனி நீங்கள். மடியில் கீரை. நாற்காலி உங்களுடையது. அவளுடைய திங்கட்கிழமையும் இப்போதைக்கு உங்களிடம்தான் இருக்கிறது. வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

கூப்பிடுவதென்றால் கொஞ்சம் உரக்கவே கூப்பிடுங்கள். எஞ்சின் ஓடுகிறது.