உறைந்த எண்ணெய்

கேதீஸ்வரன் துவக்கின் விசையை இழுத்தான். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தியல் ஆடி அசைந்து இறங்கி இரும்புத் தகட்டில் உரசியது. ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

கீழே, காய்ந்த ஓடைக்குள், அவன் மனைவி ரஞ்சினி கிடந்தாள். முயல் வளையில் கால் சிக்கி, கரையிலிருந்து உருண்டு விழுந்தவள். விழுந்த இடமோ குட்டி போட்ட காட்டுப் பன்றியின் படுக்கை. தாய்ப்பன்றி ஒருமுறை பாய்ந்து தொடையைக் கிழித்துவிட்டது. கையில் அகப்பட்ட மரக்கொப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கதறினாள்.

"இஞ்சேருங்கோ, சுடுங்கோ! ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

சுத்தியலை ஏற்றி மறுபடி இழுத்தான். மறுபடியும் அதே சாவகாசம். கல்லெடுத்து எறிந்தான், பன்றி திரும்பியும் பார்க்கவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்து உறைபனிக் காலை; ஊரில் வெயில் எரிக்கும் ஆடிதான் பூமியின் இந்தத் தென்பாதியில் குளிர்காலம். குடியேறியிருந்த கிரவீனிலிருந்து நாலு மணி நேரம் காரோட்டி, பண்ணைக்காரனிடம் அனுமதி வாங்கி வந்த வேட்டை. கடையில் நல்ல துவக்குகள் அடுக்கியிருக்க, வெடிமருந்து இடித்துச் சுடுவதுதான் துவக்கு என்று இதை வாங்கிய முல்லைத்தீவு வீரன் இவன். ஆறு கிழமையாக அதைத்தான் சீராட்டினான். கல்லுக்குத் தோல் சுற்றினான், குழலைச் சுடுநீரில் கழுவினான், நெருப்புத் துளையை ஊசியால் குத்தித் துப்புரவாக்கினான். நேற்று மாலை, ஊரில் எல்லோரும் செய்வதுபோல, தேங்காயெண்ணெய் பூசினான். குசினி அடுப்படியில் ரஞ்சினியின் தலையெண்ணெய்ப் போத்தல் இளஞ்சூடாக இருந்தது. தாராளமாகவே பூசினான்.

இப்போது குனிந்து பார்த்தான். விசைப் பொறியெங்கும் வெள்ளையாய், மெழுகு மாதிரி.

"ரஞ்சினி, ஒரு நிமிசம் தாங்கிக்கொள்ளும்!"

தகட்டுக்குக் கீழே இருந்த கிண்ணத்து மருந்தை ஊதித் தள்ளினான். போட்டிருந்த சேட்டைக் கழற்றி, பனிபோல் குளிர்ந்த இரும்பை அக்குளுக்குள் வைத்து இறுக்கினான். பன்றி மீண்டும் பாய்ந்தது. கொப்பு முறிந்தது. மனைவி அலற, கட்டியவன் கோழி அடைகாப்பதுபோல் துவக்கை அணைத்துக்கொண்டு நின்றான். தன்மேல் அவனுக்கு அப்படியொரு வெறுப்பு வந்தது.

எண்ணெய் இளகி விலாவில் வழிந்தது. சேட்டால் கல்லையும் தகட்டையும் துடைத்தான். புதிதாக எடுத்த மருந்தில் பாதி அவசரத்தில் கொட்டியது. மிச்சத்தைக் கிண்ணத்தில் இட்டுச் சுட்டான்.

வெடித்தது. புகையில் ஒன்றும் தெரியவில்லை. பட்டது பன்றிக்கா, அவளுக்கா? பைத்தியக்காரன்போல் புகைக்குள்ளேயே குதித்தான்.

பன்றி சரிந்து கிடந்தது. ரஞ்சினி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

சேட்டைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினான். அவளைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். கட்டிய துணியையும் மீறி இரத்தம் கசிந்தது.

"ஏன் முதலே வெடிக்கேல்லை?"

"எண்ணெய் உறைஞ்சு போச்சு. உம்மடை தலையெண்ணெய்."

அவள் தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மூண்டு வருசமா நாளாந்தம் அந்தப் போத்தலைச் சுடுதண்ணிக்குள்ளை வைச்சு உருக்கிறனான். நீங்கள் பக்கத்திலை இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறனீங்கள். ஒருநாளும் காணேல்லையோ?"

அவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"காணேல்லை" என்றான்.

கார் இன்னும் அரை மைல் தள்ளி நின்றது.