உயிர் வைத்த பெட்டி

அத்தானின் சாவுக்குத் துக்கம் விசாரிக்க வந்த மாஸ்டர், உட்கார்ந்த கையோடு பவர்டு ஸ்பீக்கர் பெட்டியின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன்மா! ஆம்ப்ளிஃபயர் தனி, பெட்டி தனின்னு எதுக்கு ரெண்டு சுமை? பவர்டு பெட்டின்னா ஆம்ப் உள்ளேயே இருக்கு. கிடாரைச் சொருகினா முடிஞ்சது வேலை. ஒரே சுமை. படிக்கட்டுல..."

அங்கே நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் அன்று சொல்லக்கூடாத சொல் அதுதான் என்பது அவருக்கே உறைத்துவிட்டது. அவருக்கு ஒன்று உறைப்பது அபூர்வம்.

அத்தான் செத்தது ஒரு மண்டபத்தின் பின்பக்கப் படிக்கட்டில். ஆம்பைக் கையில் ஏந்தி ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். ஆம்பை ஒரு படியில் அலுங்காமல் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பின்னால் பெட்டியைத் தூக்கிவந்த மைத்துனன், அவர் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்து, "வழி விடுங்க அத்தான்" என்றான். ஆம்பில் ஒரு கீறல் இல்லை.

"சுமைல ஒண்ணும் சாகல மாஸ்டர்" என்றாள் அத்தானின் மனைவி, அக்கா. "இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டுன்னு சொல்லிச் சொல்லியே கொன்னீங்க. காபி ஆறுது, குடிங்க."

மாஸ்டர் குடித்தார். அக்கா சொன்னால் யாரும் குடித்துவிடுவார்கள்.

மாஸ்டர் என்றால் குழுவின் தலைவர். கீபோர்டு வாசிப்பவர். தன் பெயருக்கு முன்னால் 'இசை விஞ்ஞானி' என்று அச்சடித்துக்கொண்டவர்; விஞ்ஞானம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் கடைக்காரன் கொடுத்த விளம்பரத் தாளில் இருப்பதுதான். கம்பெனி விருந்து, பிறந்தநாள், ஓட்டல் கூடம் என்று எங்கே கூப்பிட்டாலும் குழு போகும். அத்தான் அதில் அடிச்சுரம் போடும் பேஸ் கிடார். பேஸ் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. பாடகியைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரனைப் பார்ப்பார்கள், மாஸ்டரைப் பார்க்கும்படி மாஸ்டரே பார்த்துக்கொள்வார். பேஸ்காரன், வீட்டு அஸ்திவாரம் மாதிரி. விரிசல் விட்டால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும்.

பெட்டி விஷயத்தில் மாஸ்டருக்கும் அத்தானுக்கும் வருஷக்கணக்காகச் சண்டை.

"உசிரையும் உடம்பையும் ஒரே பெட்டியில பூட்டக் கூடாது மாஸ்டர்" என்பார் அத்தான். "தனித்தனியா இருந்தா, ஆம்ப் போனா வேற ஆம்ப். பெட்டி கிழிஞ்சா வேற பெட்டி. ஒண்ணாக் கட்டிட்டா, ஒண்ணுக்கு நோவு வந்தா ரெண்டையும் சேர்த்துத் தூக்கிப் போடணும்."

"யோவ், மனுஷனே பவர்டு பெட்டிதான்யா! உசிரும் உடம்பும் தனித்தனியாவா வச்சிருக்கான்?"

"அதனாலதானே ஒண்ணு நின்னா எல்லாம் நிக்குது."

டிரம்ஸ்காரன் இதற்கு ஒரு தட்டுத் தட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள்.

அத்தான் போனபிறகு அவர் இடத்தில் மைத்துனன் நின்றான். அவனுக்குக் குழுவில் 'அவசரம்' என்று பெயர். எந்தப் பாட்டிலும் தாளம் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் விழுந்துவிடுவான். அத்தான் இதற்கு நேரெதிர். எல்லோரும் விழுந்தபிறகு, ஒரு மயிரிழை கழித்து, மெத்தையில் உட்காருகிற மாதிரி வந்து உட்காருவார். பாட்டு முழுக்க அவர்மேல் சாய்ந்துகொள்ளும். அவசரத்தின்மேல் சாய்ந்தால் முகத்தில் அடிபடும்.

மாஸ்டர் பழைய பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டுப் பளபளவென்று ஒரு பவர்டு பெட்டி வாங்கினார். அதற்கென்று ஒத்திகை அறையில் ஒரு சொற்பொழிவே நடந்தது. எடை குறைவு. உள்ளே இருக்கும் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து வைத்தவை. பொருந்தாத ஆம்பைப் பூட்டி ஸ்பீக்கரை எரித்துவிடுவோமோ என்ற பயம் கிடையாது. பாதகம் ஏதாவது உண்டா மாஸ்டர் என்று டிரம்ஸ்காரன் கேட்டான். "வாசிக்கிறவன் பாதகம் பண்ணாம இருந்தா சரி" என்று அவசரத்தைப் பார்த்தார் மாஸ்டர்.

பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பெரிய கம்பெனி விருந்து வருது. உங்க அத்தான் சவுண்டு வேணும் எனக்கு. வரலைன்னா மனசுல வச்சுக்காதே, பேஸை நானே இடது கையால கீபோர்டுல போட்டுக்குவேன். வேன்லயும் ஒரு சீட்டு மிச்சம்."

அவனுக்கு வேறு வேலை தெரியாது என்பதுகூடப் பெரிதில்லை. அத்தான் நின்ற இடத்தை ஒரு கீபோர்டின் இடக்கைப் பக்கம் விழுங்குவதற்குத் தான் காரணமாகிவிடக் கூடாது. நேரே அக்கா வீட்டுக்குப் போனான். அலமாரிக்கு மேலே, அத்தானின் நீலச் சட்டைக்குள் சுற்றிவைத்திருந்தாள் அந்த ஆம்பை.

"எதுக்குடா? புதுப் பெட்டிக்குத்தான் உள்ளேயே இருக்காமே."

"சவுண்டு இதுலதான்க்கா இருக்கு."

"இருந்தவர் போயிட்டார். சவுண்டு மட்டும் அலமாரிமேல உக்காந்திருக்கா?" என்றாள். ஆனால் இறக்கிக் கொடுத்தாள். சட்டையை மட்டும் உருவிவைத்துக்கொண்டாள்.

கிடாரை ஆம்பில் சொருகி, ஆம்பைப் பெட்டியில் சொருக வேண்டும். ஆம்பின் முதுகில் இரண்டு துளைகள். ஒன்று மெல்லிய சத்தத்தை மட்டும் அனுப்பும். மற்றது முழுப் பலத்தோடு தள்ளும், உயிரில்லாத வெறும் பெட்டியை உலுக்கி எழுப்புவதற்காக. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பவர்டு பெட்டிக்கு முதலாவதுதான் ஆகும். இது தெரியாத பேஸ்காரன் கிடையாது. தெரிந்தும் இரண்டாவதில் சொருகாத பேஸ்காரனும் குறைவு. அவசரம் தன் பெயருக்குத் தக்கபடி இரண்டாவதில் சொருகினான்.

டம் என்று ஒன்று. கருகின வாடை. பெட்டியின் முகத்தில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது. போச்சு, மாஸ்டர் தோலை உரித்துவிடுவார் என்று அவன் பதறிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மறுபடியும் எரிந்தது. முன்பு பச்சையாக இருந்ததாக ஞாபகம். இப்போது பழுப்பாக, தூங்கி எழுந்தவன் கண் மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான் என்று அவனுக்குப் பிற்பாடு புரிந்தது. ஏற்கெனவே ஒரு உயிர் இருந்த உடம்புக்குள் இன்னொரு உயிரை முழுப் பலத்தோடு தள்ளிவிட்டிருந்தான். இதற்குப் பூசாரியிடம் வேறு பெயர் உண்டு. விளம்பரத் தாளில் பெயர் இல்லை.

ஒத்திகையில் முதல் பாட்டிலேயே சத்தம் மயிரிழை தள்ளி வந்தது. விரல் மீட்டியது முன்னால், பெட்டி பேசியது பின்னால். டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"அட அவசரம்! இப்பத்தான்டா உக்காந்து வாசிக்கிறே!"

இரண்டாம் பாட்டில் அவன் விரல் தப்பான நரம்பில் விழுந்தது. பெட்டியில் சரியான சுரம் வந்தது. மூன்றாம் பாட்டில் வேண்டுமென்றே தப்பாக வாசித்தான். பெட்டி பொறுமையாகத் திருத்திக்கொண்டே வந்தது, சின்ன வயதில் அவன் போட்ட கணக்கை அத்தான் திட்டாமல் அழித்து எழுதுவாரே, அந்தப் பொறுமை.

ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் வாசிப்பை ஒருவரும் மெச்சியதில்லை. பேய் பிடித்த பெட்டி என்றாலும் பாராட்டு பாராட்டுதானே. "பார்த்தியா, பவர்டு பெட்டியோட மகிமை!" என்று மாஸ்டர் வேறு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விருந்துக்கு அக்காவையும் வரச்சொன்னான். அத்தான் போனபிறகு அவள் கச்சேரிப் பக்கம் வரவில்லை. "உன் பெருமையைப் பார்க்கணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்து, கூடத்தின் கடைசியில், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாயங்கால வெயில் கண்ணாடிச் சன்னல் வழியே மேடையில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு மேலாளருக்கு ஓய்வு. பேசியவர்கள் எல்லோரும் அவரைக் கம்பெனியின் முதுகெலும்பு என்றார்கள், அவர் குனிந்து தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியது. அவசரம் வாசித்தான். இல்லை, விரலை அசைத்தான். சோதித்துப் பார்க்கலாம் என்று கையை நரம்பிலிருந்து எடுத்தான்.

பேஸ் நிற்கவில்லை.

கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடை நடுவில் நின்றான். முதுகுக்குப் பின்னால் பெட்டி, குண்டு குண்டாக, சாவகாசமாக, வாசித்துக்கொண்டிருந்தது. பாடகி பார்க்கவில்லை. மாஸ்டர் பார்க்கவில்லை. கூடம் நிறைய ஆள், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பவர்டு பெட்டிக்குத் தனியாக ஆம்ப் வேண்டாம் என்பார்கள். இதற்குத் தனியாக ஆளே வேண்டியதில்லை. பேயைக் கண்டு வராத நடுக்கம் அப்போதுதான் அவனுக்கு வந்தது.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பெட்டி ஒரு காரியம் செய்தது. மேலே ஒரு சுரத்தைப் பிடித்து, வழுக்கிக்கொண்டே கீழே இறங்கியது, கேள்வி கேட்கிற மாதிரி. கூடத்தின் கடைசியில் அக்கா, கையிலிருந்த தண்ணீர்க் குவளையோடு, ஆம் என்று தலையாட்டினாள்.

ஆட்டிவிட்டுத்தான் உறைந்தாள்.

அவனுக்கு அது தெரியும். குழுவில் எல்லோருக்கும் தெரியும், கேலியே பண்ணுவார்கள். அக்கா கச்சேரிக்கு வந்தால் அத்தான் மேடையிலிருந்து அப்படி வழுக்குவார். 'சாப்பிட்டியா?' என்று அர்த்தம். அவள் தலையாட்டுவாள். ஆட்டாவிட்டால் அடுத்த சரணத்திலும் கேட்பார்.

அடுத்த சரணத்திலும் பெட்டி கேட்டது. அதற்கடுத்த பாட்டிலும்.

இடைவேளையில் அக்கா மேடையின் பக்கவாட்டுத் திரை வழியே பெட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். மாஸ்டர் கீழே யாரிடமோ விஞ்ஞானம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"ஒயரை மாத்திச் சொருகிட்டேன்க்கா. அவர் உள்ளே வந்துட்டார்."

ஒயரை மாற்றிச் சொருகினால் புருஷன் வருவாரா என்று அவள் கேட்கவில்லை. பெட்டியையே பார்த்தாள். சின்ன விளக்கு பழுப்பாக எரிந்தது.

"தலையாட்டிட்டேனேடா. ஏன் திரும்பத் திரும்பக் கேக்குறார்?"

"ஒயர் ஒரு பக்கம்தான்க்கா போகும். அங்கேருந்து வரும். இங்கேருந்து ஒண்ணும் போகாது."

"நான் சொல்றது கேக்காதா?"

"கேக்காது."

"பார்க்கவும் மாட்டாரா?"

மாட்டார் என்று தலையசைத்தான்.

"அப்போ கேட்டுக்கிட்டே இருப்பார்" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "பதில் வரலைன்னா அவருக்கு வாசிப்பு ஓடாதுடா. நான் கோவமா இருக்கேன்னு நினைப்பார்." புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "கழட்டு."

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள். இதைக் கழட்டினா நான் ஒண்ணுமே இல்லை. மாஸ்டர் இடது கையால போட்டுக்குவேன்னு..."

"உசிரோட இருந்தப்ப உங்க எல்லாருக்கும் உழைச்சது போதாதா? இப்ப உன் பங்குக்குமா? நீ மேடையில கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னியே, நான் பார்த்தேன். அவர் அங்கே சுமக்குறார், நீ இங்கே நிக்குறே. படிக்கட்டுல நின்ன மாதிரியே."

அவன் குனிந்தான். ஒயரைப் பிடித்தபோது சூடாக இருந்தது, காய்ச்சல்காரன் கை மாதிரி. பெட்டி உள்ளுக்குள் மெதுவாக ஒருதரம் வழுக்கியது. அக்கா பெட்டியின் தலையில் கை வைத்து, கேட்காது என்று தெரிந்தும், "சாப்பிட்டேன். நீங்க போங்க" என்றாள்.

பிடுங்கினான். விளக்கு அணைந்து, பச்சையாக எரிந்தது. கிடாரின் ஒயரை நேராகப் பெட்டியில் சொருகிக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றான்.

அடுத்த பாட்டு. முதல் சுரத்தை மீட்டினான், மெலிவாக வந்தது, தன்னுடையது. பின்னாலேயே இன்னொன்று வரும் என்று காது தானாகக் காத்திருந்தது. வரவில்லை. இரண்டாவதை மீட்டுவதற்கு முன்னும் காத்திருந்தான், ஒருவேளை. மூன்றாவதற்கும். பாட்டு முழுக்க, வராத ஒருவருக்காக ஒவ்வொரு சுரத்தின் வாசலிலும் நின்று நின்று போனான். ஒவ்வொரு சுரமும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுந்தது. வேர்த்துக் கொட்டியது. டிரம்ஸ்காரன் தலையைச் சாய்த்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான், சிரிக்கவில்லை.

இரண்டாம் சரணம் வந்தது. வழுக்கல் விழவேண்டிய இடம். அவன் கை மேலே போய், அங்கேயே நின்றுவிட்டது. அந்த இடம் காலியாகக் கடந்தது. கூடத்தில் அதைக் கேட்டவள் ஒருத்திதான். அவள் நிமிரவில்லை.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் கீபோர்டிலிருந்து திரும்பினார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார்.

"அங்கே ஒண்ணு போடுவியே, அது எங்கே?"

"அது என்னோடது இல்ல மாஸ்டர்."

மாஸ்டர் யோசித்தார். பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தன் இடது கையைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம்?"

அவசரம் கிடாரின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"நான்தான்" என்றான்.

"அப்ப சரி" என்று மாஸ்டர் அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னார்.