ஃபியாலூபேயின் எண்

பெனியேலி காலையில் எழுந்தான். ஹீட்டரைப் போட்டான். ஷவருக்குக் கீழே வாளியை வைத்துக் குளித்தான். வாளியில் சேர்ந்த தண்ணீரைத் தூக்கிப்போய் வாசல் செடிக்கு ஊற்றினான். ஃபுனாஃபுட்டித் தீவில் மழைத் தொட்டியை நம்பி வளர்ந்த உடம்பு. மெல்பர்னுக்கு வந்த பிறகும் தண்ணீரைச் சும்மா ஓடவிடக் கை வரவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றான். மனைவி ஃபியாலூபேயின் ரப்பர் பூட்ஸை மாட்டினான். இன்று ஷெட்டுக்குப் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கழற்றி வைத்துவிட்டுத் தன் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

வெளியே ஹாரன் அடித்தது.

காரை ஓட்டியவன் பைத்தேலா, ஃபியாலூபேயின் அண்ணன். கேரட் கழுவிப் பிரிக்கும் ஷெட்டில் மேஸ்திரி. பெனியேலி முன் இருக்கையில் ஏறினான். பின்னால் மெலாலி அத்தை மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, அவர் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டாரான்னு கேளுங்க" என்றான் பைத்தேலா, சாலையைப் பார்த்தபடி.

"எடுத்தாச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்றான் பெனியேலி, ஜன்னலைப் பார்த்தபடி.

"நான் என்ன தபால்காரியா? ஒருத்தன் தும்மினாக்கூட அடுத்தவனுக்கு நான்தான் போய்ச் சொல்லணும் போல."

மனைவியின் அண்ணனோடு முகம் பார்த்துப் பேசுவது அவர்கள் தீவில் இல்லை. அதுதான் மரியாதை. ஃபியாலூபே இருந்தவரை அவள்தான் இருவருக்கும் வாய். மெல்பர்னுக்கு வந்து ஒரு குளிர்காலம் முடிவதற்குள், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், வீட்டில் விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அப்போது கூட இருந்தவன் பெனியேலி மட்டும்தான். ஆனால் அவள் கடைசியாகக் கர்த்தரைக் கூப்பிட்டாள் என்று அடக்கத்தன்று அத்தை சபை முழுக்கச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் அவன் அவளைப் பற்றிப் பேசவே இல்லை.

சூவா நகரத்தில் படித்து வாங்கிய பட்டத்துக்கு ஏற்ற வேலை வரட்டும் என்று அவன் காத்திருந்த காலம் அது. அடக்கம் முடிந்த கையோடு பைத்தேலா அத்தை மூலம் சொல்லி அனுப்பினான்: கேரட் ஓடும் பெல்ட்டில் அவள் நின்ற இடம் காலியாகக் கிடக்கிறது, வரச் சொல்லுங்கள். போனான். அவள் பூட்ஸ், அவள் கையுறை, அவள் லாக்கர். வேலையில் சேரும் படிவத்தில் அவளுடைய வரி எண்ணையும் பைத்தேலாவே எழுதிக் கொடுத்துவிட்டான். தீவில் ஒருத்தி போய்விட்டால் அவளுடைய கிழங்குக் குழியைப் புல் மண்ட விடமாட்டார்கள். அந்த வீட்டில் மிச்சமிருப்பவர் இறங்கிக் கிளறுவார். எண்ணும் அப்படித்தான் என்று பைத்தேலா நினைத்தான்.

அப்படி இல்லை என்பது பெனியேலிக்குத் தெரியும். மச்சானை மறுத்துப் பேச வாய் வரவில்லை. அது மட்டும் காரணமில்லை. அந்த எண் ஓடிக்கொண்டிருந்தால் அவளில் ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறது என்று அவனுக்கு இருந்தது.

கணக்குப் பிரிவில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் ஒன்று, எண் வேறு. இந்த வாரத்துக்குள் சொந்த எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டு வா, இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு உதவ நூலகத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதில் ஹான் என்ற வியட்நாம்காரம்மா இருந்தார். பாஸ்போர்ட்டை வாங்கி, கணினியில் தட்ட ஆரம்பித்தார்.

"இதுக்கு முன்னாடி வரி எண் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப வேலைக்குச் சேர்ந்தப்ப எந்த நம்பரைக் கொடுத்தீங்க?"

பைத்தேலா அத்தையின் பக்கம் திரும்பினான். "என் தங்கச்சியோடதுன்னு சொல்லுங்க." அத்தைக்கு ஆங்கிலம் வராது என்பது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. அதையே ஆங்கிலத்தில் மேசையைப் பார்த்துச் சொன்னான்.

ஹான் சிரித்துவிட்டார். "அடடா, வீட்டுக்காரம்மா நம்பரா? அது ஒருத்தருக்கு ஒண்ணுதான் தம்பி. பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி. மாத்தி வச்சுக்க முடியாது. அவங்களுக்குத் தெரியுமா இது? வீட்டுல இருக்காங்களா, ஒரு போன் போட்டு..."

"செத்துட்டா."

பெனியேலிக்குத் தன் குரல்தானா என்று இருந்தது. இதுவரை எல்லாரும் அவனுக்குச் சொன்ன வார்த்தை. அவன் வாயிலிருந்து இப்போதுதான் முதல்முறையாக வந்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஹானின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. அத்தைக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஆனாலும் அழ ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுக்கப்பா" என்றார் ஹான். "அந்த நம்பர் அவங்களோட முடிஞ்சுது. நடந்ததை வரி ஆபீசுக்கு எழுதிச் சொல்லிடலாம், அவங்க அதை மூடிடுவாங்க. உங்களுக்குப் புதுசு தனியா வரும். போடட்டுமா?"

மூடிவிடுவார்கள். அவன் பக்கவாட்டில் திரும்பினான். பைத்தேலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். நேராக, முகத்தை. அந்த முகத்தில் மூக்கு அவளுடையது. இத்தனை வருடத்தில் அதை அவன் கவனித்ததே இல்லை.

"போடுங்க" என்றான் பெனியேலி.

பெயர், பிறந்த நாள், முகவரி. சீக்கிரமே முடிந்துவிட்டது. எண் தபாலில் வரும், அதுவரை வேலைக்குப் போகலாம், விண்ணப்பித்தாயிற்று என்று ஷெட்டில் சொன்னால் போதும் என்றார் ஹான்.

கார் நிறுத்துமிடத்தில் அத்தை முன்னால் நடந்தாள். பைத்தேலா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றான்.

"நான் எழுதிக் குடுத்தது தப்பு" என்றான். அத்தையிடம் இல்லை. இவனிடம்.

பெனியேலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரின் கதவைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றான் பைத்தேலா. "அத்தை சொல்றாங்களே, கடைசியா அவ கர்த்தரைக் கூப்பிட்டான்னு. நெசமாவா?"

"இல்ல."

"பின்ன?"

பெனியேலி அவன் மூக்கைப் பார்த்தான்.

"நான் பாத்ரூம்ல இருந்தேன். வெளிய நின்னு கத்தினா."

"என்னன்னு?"

"'நாளைக்காவது போய் உன் நம்பரை வாங்கிட்டு வா. எத்தன நாளைக்கு என் சம்பாத்தியத்துல பிஸ்கட் தின்னுவ? அப்புறம் அந்த வாளிய நகத்து, கதவு திறக்க மாட்டேங்குது.'"